உடம்பில் சேரும் ரசாயனத்துக்கு யார் கணக்கு வைப்பது? சுற்றுச்சூழல் – நலவாழ்வுத் தரவு வங்கிகள் பற்றிய கேள்வி பதில்

காற்று, தண்ணீர், உணவு வழியாக நம் உடம்புக்குள் போகும் பொருள்களையும் அதனால் வரும் நோய்களையும் ஒரே கணக்கில் வைக்கப் பல நாடுகள் முயன்று வருகின்றன. அதில் நாடுகள் ஒன்றுக்கொன்று எப்படிக் கைகொடுக்கின்றன, எங்கே சறுக்குகிறது என்று பலரும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஆய்வக முடிவுகளைத் தொகுப்பது என் வேலை. அதனால் சில இடங்களில் என் சொந்தக் கருத்தும் வரும்.

சுற்றுச்சூழல் – நலவாழ்வுத் தரவு வங்கி என்றால் என்ன?

மூன்று பேரேடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் பேரேட்டில் காற்றிலும் நீரிலும் மண்ணிலும் என்ன இருக்கிறது என்ற கணக்கு. இரண்டாவதில் யாருக்கு என்ன நோய் வந்தது, யார் எதனால் இறந்தார்கள் என்ற பதிவு. மூன்றாவதில் மனிதர்களின் ரத்தம், சிறுநீர், முடி, தாய்ப்பால் இவற்றில் என்ன ரசாயனம் எவ்வளவு இருக்கிறது என்ற அளவு. இந்த மூன்றையும் சேர்த்துப் படிக்க முடிந்தால் அது தரவு வங்கி. சில நாடுகள் நான்காவதாக ஒன்றையும் வைத்திருக்கின்றன: மாதிரிகளையே உறைய வைத்த கிடங்கு. என்னைக் கேட்டால் அந்த நான்காவதுதான் உயிர்நாடி. ஏன் என்று கொஞ்சம் கீழே சொல்கிறேன்.

காற்றை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அளக்கிறது, மருத்துவமனையில் பதிவேடு இருக்கிறது. தனியாக ஒரு வங்கி எதற்கு?

இரண்டும் இருக்கின்றன, ஆனால் ஒன்றோடு ஒன்று பேசுவதில்லை. காற்றை அளக்கும் கருவி ஒரு சாலைச் சந்திப்பில் இருக்கும். மருத்துவமனைப் பதிவில் நோயாளியின் ஊர் பெயர் மட்டும் இருக்கும், அதுவும் சில நேரம் அவர் தங்கியிருக்கும் உறவினர் வீட்டு முகவரியாக இருக்கும். இவற்றை எதை வைத்து இணைப்பது?

இணைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்கா நல்ல உதாரணம். அங்கே 1976 முதல் 1980 வரை நாடு தழுவிய நலவாழ்வுக் கணக்கெடுப்பு ஒன்றில் மக்களின் ரத்தத்தில் ஈயத்தை அளந்தார்கள். சராசரி அளவு ஒரு டெசிலிட்டருக்கு 14.6 மைக்ரோகிராமிலிருந்து 9.2க்கு இறங்கியிருந்தது. அதே வருஷங்களில் பெட்ரோலில் கலந்த ஈயத்தின் கணக்கும் அதே மாதிரி இறங்கியிருந்தது. ஒன்று நலவாழ்வுத் துறைக் கணக்கு, இன்னொன்று எரிபொருள் கணக்கு. இரண்டு கோடுகளும் ஒட்டியே இறங்குவதைக் காகிதத்தில் பார்த்த பிறகு, பெட்ரோலிலிருந்து ஈயத்தை எடுக்க வேண்டாம் என்று வாதாடுவது கடினமாகிவிட்டது. இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000இல் நின்றது. உலகத்திலேயே கடைசியாக நிறுத்திய நாடு அல்ஜீரியா, 2021இல்.

மாதிரியை வருஷக்கணக்கில் உறைய வைப்பதால் என்ன லாபம்? அன்றைக்கே சோதித்துவிட்டுக் கொட்டிவிடலாமே?

சோதிக்கும்போது எதைத் தேட வேண்டும் என்று தெரிந்தால்தானே தேட முடியும்? நாளைக்கு எந்தப் பொருள் வில்லங்கமாகப் போகிறது என்று இன்றைக்கு யாருக்கும் தெரியாது.

ஸ்வீடன் கதையைச் சொல்கிறேன். ஸ்டாக்ஹோமில் 1972 முதல் தாய்மார்கள் தானமாகக் கொடுத்த பாலில் ஒரு பங்கை ஆய்வுக்காக உறைய வைத்து வந்தார்கள். டிடிடி பூச்சிமருந்து போன்றவற்றைக் கவனிப்பதுதான் அப்போதைய எண்ணம். 1990களின் கடைசியில் கரோலின்ஸ்கா நிறுவன ஆய்வாளர்கள் அந்தப் பழைய பாலை எடுத்து, புதிதாக ஒன்றைத் தேடினார்கள். மெத்தை, டிவி, கம்ப்யூட்டர் பெட்டிகளில் தீப்பிடிக்காமல் இருக்கச் சேர்க்கும் பிபிடிஇ என்ற புரோமின் ரசாயனங்கள் அவை. 1972ஆம் வருஷத்துப் பாலில் ஒரு கிராம் கொழுப்புக்கு 0.07 நானோகிராம் இருந்தது. 1997ஆம் வருஷத்துப் பாலில் 4.02. ஏறக்குறைய ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகியிருக்கிறது. அதே பாலில் டிடிடி குறைந்துகொண்டே வந்திருந்தது, அதனால் சேமித்த முறையில் கோளாறு என்றும் தட்டிக்கழிக்க முடியவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் அந்த ரசாயனங்களில் இரண்டு வகைகளை 2004இல் தடை செய்தது. 2009இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை என்ற உலக ஒப்பந்தத்தின் பட்டியலிலும் (அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்) அவை சேர்ந்தன.

1972இல் பால் கொடுத்த அம்மாக்களுக்கு இந்த ரசாயனத்தின் பெயர்கூடத் தெரிந்திருக்காது. ஒரு சின்னக் குப்பிப் பால், 25 வருஷம் கழித்து ஒரு கண்டத்தின் சட்டத்தை மாற்ற உதவியது.

ஃப்ரீசர் இல்லாமலும் இது நடந்திருக்கிறது. ஜப்பானின் மினமாட்டாவில் சிஸ்ஸோ நிறுவனத்தின் ஆலைக் கழிவிலிருந்த பாதரசம் மீன் வழியாக மக்களுக்குப் போய், 1956இல் அந்த நோய் அதிகாரபூர்வமாகத் தெரிய வந்தது. ஜப்பானியக் குடும்பங்களில் குழந்தையின் தொப்புள்கொடியைக் காயவைத்துச் சின்னப் பெட்டியில் பத்திரப்படுத்துவது வழக்கம். மருத்துவர் மசசுமி ஹரடாவும் அவருடன் ஆய்வு செய்தவரும் வீட்டு அலமாரிகளில் கிடந்த அந்தக் கொடிகளைச் சோதித்து 1975இல் வெளியிட்டார்கள். தாயின் வயிற்றுக்குள்ளேயே குழந்தைக்குப் பாதரசம் போயிருந்தது என்பதற்கு அந்தக் காய்ந்த கொடிகள் சாட்சி சொல்லின. நம் பக்கத்திலும் தொப்புள்கொடியைத் தாயத்தில் அடைத்து அரைஞாணில் கட்டும் வழக்கம் உண்டு. பாட்டி கட்டிய அந்தத் தாயத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மினமாட்டா ஞாபகம் வரும்.

இதை முறைப்படி செய்யும் இடம் ஜெர்மனி. அங்கே 1980களிலிருந்து இயங்கும் சுற்றுச்சூழல் மாதிரி வங்கி, ஒவ்வொரு வருஷமும் சில நகரங்களில் கல்லூரி மாணவர்களிடம் ரத்தமும் 24 மணி நேரச் சிறுநீரும் வாங்கி, திரவ நைட்ரஜனின் குளிரில் வைக்கிறது. 2002இல் டின்ச் என்ற புதிய பிளாஸ்டிக் மென்மையாக்கி சந்தைக்கு வந்தது. பிறகு பழைய மாதிரிகளைத் திறந்து பார்த்தார்கள். 1999 மாதிரிகளில் அதன் தடயமே இல்லை. 2003இல் 7% பேரிடம், 2006இல் 43%, 2009இல் 80%, 2012இல் 98%. பத்தே வருஷத்தில் ஒரு பொருள் கிட்டத்தட்ட எல்லாருடைய உடம்புக்குள்ளும் வந்துவிட்டது. இந்த அளவுகள் ஆபத்து எல்லைக்குக் கீழேதான் இருந்தன என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் இப்படி ஏறுகிறது என்று வேறு எப்படித் தெரிந்திருக்கும்?

ஒரு நாடு தன் பாட்டுக்குச் செய்துகொள்ளலாமே? வெளிநாட்டுக் கூட்டு எதற்கு?

காற்றும் மீனும் எல்லைக்கோட்டைப் பார்ப்பதில்லை என்பது தெரிந்த காரணம். அதைவிட முக்கியமானது அளவுகோல். குப்பை எரியும்போது உண்டாகும் டயாக்சின் மாதிரி பொருள்களை நானோகிராமுக்கும் கீழே அளக்க வேண்டும். அதற்கான கருவி கோடிக்கணக்கில் ஆகும், இயக்கத் தெரிந்தவர்கள் எல்லா நாட்டிலும் கிடையாது. ஆளுக்கொரு முறையில் அளந்தால், இந்த நாட்டு எண்ணையும் அந்த நாட்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் பொருளே இல்லை.

இதற்காகத்தான் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை உலகளாவிய கண்காணிப்புத் திட்டம் ஒன்றை வைத்திருக்கிறது. எளிதில் அழியாமல் உடம்பில் தங்கிவிடும் ரசாயனங்களைக் கட்டுப்படுத்த 2001இல் ஏற்ற உடன்படிக்கை இது. 2004இல் நடைமுறைக்கு வந்தது, இந்தியா 2006இல் சேர்ந்தது. தடை போட்டால் போதாது, தடைக்குப் பிறகு மனித உடம்பில் நிஜமாகவே குறைகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு இரண்டு இடங்களில் முக்கியமாக அளக்கிறார்கள்: காற்றிலும் தாய்ப்பாலிலும். தாய்ப்பால் ஆய்வை உலக சுகாதார அமைப்பு 1987இலேயே தொடங்கிவிட்டது. பிறகு ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டமும் கூடச் சேர்ந்தது.

தாய்ப்பால் ஆய்வு எப்படி நடக்கிறது?

ஒரு நாட்டில் குறைந்தது 50 தாய்மார்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். எல்லாரும் முதல் பிரசவம் ஆனவர்களாக இருக்க வேண்டும், ஏனென்றால் பால் கொடுக்கக் கொடுக்க தாயின் உடம்பிலிருந்து இந்த ரசாயனம் இறங்கிவிடும்; இரண்டாவது குழந்தைக்குக் கொடுப்பவரிடம் அளவு குறைவாகவே வரும். குழந்தைக்கு மூன்று முதல் எட்டு வாரம் ஆகியிருக்க வேண்டும். தாய் ஆரோக்கியமாக, பல வருஷமாக அதே பகுதியில் குடியிருப்பவராக இருக்க வேண்டும். ஒவ்வொருவரிடமும் சுமார் 50 மில்லி, ஒரே வேளையில் முடியாவிட்டால் சில நாள்களில் கொஞ்சம் கொஞ்சமாக.

எல்லார் பாலிலிருந்தும் சம அளவு எடுத்து ஒரே கலவையாக்குகிறார்கள். அந்த ஒரு கலவைதான் அந்த நாட்டின் மாதிரி. அது உறைந்த நிலையில் ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரிலிருக்கும் ஆய்வகத்துக்குப் போகும். எல்லா நாட்டுப் பாலுக்கும் ஒரே கருவி, ஒரே கைகள், ஒரே முறை. அதனால்தான் பிஜித் தீவையும் பெல்ஜியத்தையும் ஒரே அட்டவணையில் வைக்க முடிகிறது. ஐம்பது தனிச் சோதனைக்கு ஆகும் பணத்தில் ஒரு சோதனையோடு முடிகிறது. யாருடைய பாலில் எவ்வளவு என்ற பேச்சும் எழாது. குறையும் உண்டு: நாட்டுக்குள் எந்த மாவட்டத்தில் அதிகம் என்று ஒரு கலவையை வைத்துச் சொல்ல முடியாது.

அப்படியானால் தாய்ப்பால் கொடுக்கலாமா?

தாராளமாகக் கொடுக்க வேண்டும். இந்த ஆய்வை நடத்தும் உலக சுகாதார அமைப்பே முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுக்கச் சொல்கிறது. கொழுப்பில் ஒட்டும் ரசாயனங்களை ஊசி போடாமல் அளக்க வசதியான இடம் என்பதால்தான் பாலை எடுக்கிறார்கள். பாலில் ரசாயனம் இருக்கிறது என்ற ஒற்றைத் தலைப்பைப் பார்த்துவிட்டு யாரும் நிறுத்திவிடக் கூடாது.

ஐரோப்பிய நாடுகள் எப்படி ஒன்றாகச் சேர்ந்தன?

படிப்படியாக. முதலில் 2010 வாக்கில் 17 நாடுகள் சேர்ந்து ஒரு முன்னோட்டம் பார்த்தன. தாயும் குழந்தையுமாக ஜோடி ஜோடியாக, முடியில் பாதரசம், சிறுநீரில் காட்மியம், பிளாஸ்டிக் மென்மையாக்கிகள். மீன் அதிகம் சாப்பிடும் ஸ்பெயின், போர்ச்சுகலில் முடியில் பாதரசம் கூடுதல் என்று தெரிந்தது. அப்புறம் 2017 முதல் 2022 வரை 30 நாடுகள் சேர்ந்த பெரிய திட்டம், எச்பிஎம்4ஈயு. ஜெர்மனியின் சுற்றுச்சூழல் முகமை ஒருங்கிணைத்தது. 2022 முதல் பார்க் என்ற கூட்டமைப்பு அதைத் தொடர்கிறது.

இதில் நான் மதிப்பது ஆய்வகங்களுக்கு அவர்கள் வைத்த பரீட்சையை. ஒரே மாதிரியைப் பல நாட்டு லேப்களுக்கு அனுப்பினார்கள். உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று அனுப்பியவர்களுக்குத்தான் தெரியும். பதில் சரியாக வந்த லேப்களை மட்டுமே மக்களின் மாதிரிகளைச் சோதிக்க அனுமதித்தார்கள். தோற்றவர்களைத் துரத்திவிடாமல், எங்கே தவறியது என்று சொல்லிக் கொடுத்து மறுபடியும் எழுத வைத்தார்கள். இளம் பருவத்தினரில் சுமார் 14% பேரின் ரத்தத்தில், ஒட்டாத பாத்திரங்களிலும் நீர் புகாத துணிகளிலும் சேர்க்கும் பிஎஃப்ஏஎஸ் ரசாயனங்கள் பாதுகாப்பு அளவைத் தாண்டியிருக்கின்றன என்று பிறகு அவர்கள் சொன்னபோது, லேப் தப்பு என்று ஒதுக்க முடியாமல் போனதற்கு இந்தப் பரீட்சைதான் காரணம்.

2024 தொடக்கத்தில் ஜெர்மனியில் சிறு குழந்தைகளின் சிறுநீரிலேயே ஒரு தடை செய்யப்பட்ட மென்மையாக்கியின் எச்சம் இருப்பது தெரிய வந்தது. யாரும் விற்காத பொருள் எங்கிருந்து வருகிறது? தேடிப் போனபோது சில சன்ஸ்கிரீன்களில் இருந்த ஒரு புற ஊதா வடிகட்டி மாசுபட்டிருந்தது தெரிந்தது. தொடர்ந்து அளந்துகொண்டே இருந்ததால்தான் மாட்டியது.

ரிப்போர்ட்டில் ‘கண்டறியப்படவில்லை’ என்று வந்தால் இல்லை என்றுதானே அர்த்தம்?

இந்த ஒரு கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுதலாம். ஒவ்வொரு கருவிக்கும் ஒரு கீழ் எல்லை உண்டு. அதற்குக் கீழே இருப்பதை அது பார்க்காது. கிராம் தராசில் பொட்டுத் தங்கத்தை வைத்தால் முள் அசையாது, ஆனாலும் தங்கம் இருக்கிறது.

ஒருமுறை கிணற்று நீர் சோதனை முடிவுகளைப் பத்து வருஷத்துக்குத் தொகுக்க உட்கார்ந்தேன். முதல் ஐந்து வருஷம் ஒரு லேப், அடுத்த ஐந்து வருஷம் இன்னொன்று. முதல் பாதி முழுக்க ‘கண்டறியப்படவில்லை’, இரண்டாம் பாதியில் எண்கள். தண்ணீர் திடீரென்று கெட்டுவிட்டது போலத் தெரிந்தது. விசாரித்தால், முதல் லேப்பின் கருவி இரண்டாவதைவிடப் பல மடங்கு மந்தம். அந்த எல்லையை ரிப்போர்ட்டில் எழுதவே இல்லை. போதாததற்கு யாரோ ஒருவர் கணினியில் ஏற்றும்போது ‘கண்டறியப்படவில்லை’ என்பதையெல்லாம் பூஜ்யம் என்று அடித்துவிட்டார். பத்து வருஷ உழைப்பில் பாதியை என்னால் பயன்படுத்த முடியவில்லை. அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்தவர்களுக்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்?

நாடுகளுக்கிடையே ஒப்பந்தம் போடும்போது முதல் பக்கத்தில் வர வேண்டிய விஷயம் இது: கீழ் எல்லை, அலகு, எந்தப் பாட்டிலில் எடுத்தார்கள், எத்தனை மணி நேரத்தில் குளிரில் வைத்தார்கள். சலிப்பான விவரங்கள்தான், ஆனால் தரவு வங்கி நிற்பதும் விழுவதும் இங்கேதான்.

தமிழ்நாட்டில் இப்படி ஏதாவது நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது, பெருமைப்படும்படியாகவே. சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனம் 1980களின் தொடக்கத்திலிருந்து நகரத்தின் புற்றுநோய்ப் பதிவேட்டை நடத்துகிறது. மருத்துவமனைகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டும் என்ற விதி அப்போது இல்லாததால், பதிவேட்டு ஊழியர்களே மருத்துவமனை மருத்துவமனையாகப் போய் கேஸ் ஷீட்டைப் புரட்டி, மாநகராட்சி இறப்புப் பதிவோடு ஒத்துப் பார்த்துச் சேர்த்தார்கள். லியோனில் உள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை உலகப் பதிவேடுகளைத் தொகுத்து வெளியிடும் வரிசையில் சென்னையின் எண்களும் உண்டு. அந்தத் தொகுப்பில் இடம்பிடிக்கத் தரச் சோதனையைத் தாண்ட வேண்டும்.

ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தில் கல்பனா பாலகிருஷ்ணன் குழுவினர் சுமார் 1,285 கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்து, ஒரு கன மீட்டர் காற்றில் நுண்துகள் அளவு ஒவ்வொரு 10 மைக்ரோகிராம் கூடும்போதும் குழந்தையின் பிறப்பு எடை 4 கிராம் குறைவதாக 2018இல் எழுதினார்கள். அதே நிறுவனம் பங்கேற்ற இன்னொரு ஆய்வு குவாத்தமாலா, பெரு, ருவாண்டா, இந்தியா என்று நான்கு நாடுகளில் நடந்தது. இந்தியாவில் விழுப்புரமும் நாகப்பட்டினமும். நாட்டுக்கு 800 கர்ப்பிணிகள். பாதிப் பேருக்கு விறகடுப்புக்குப் பதில் கேஸ் அடுப்பும் சிலிண்டரும் இலவசம். உடையில் பொருத்திய சின்னக் கருவி ஒரு நாள் முழுக்க அவர்கள் மூச்சுவிடும் காற்றை அளந்தது. கேஸ் கிடைத்தவர்களுக்குப் புகைத்துகள் 24 மைக்ரோகிராம், விறகில் சமைத்தவர்களுக்கு 71. அவ்வளவு குறைந்தும் பிறப்பு எடையில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் வரவில்லை. எதிர்பார்த்தது வராவிட்டாலும் 2022இல் அப்படியே வெளியிட்டார்கள். நான்கு நாட்டிலும் ஒரே முறையில் அளந்ததால் அந்த முடிவை நம்ப முடிகிறது.

நமக்கு இல்லாதது, இவற்றையெல்லாம் சேர்த்துத் திட்டம் முடிந்த பிறகும் காக்கும் நிரந்தர ஏற்பாடு. ஆய்வுக்கான நிதி தீர்ந்ததும் ஃப்ரீசரின் கரன்ட் பில்லை யார் கட்டுவது என்ற இடத்தில் பல நல்ல சேகரிப்புகள் தடுமாறுகின்றன.

இலங்கையின் சிறுநீரக நோய்க்குக் காரணம் இன்னும் ஏன் தெளிவாகவில்லை?

1990களில் வட மத்திய மாகாணத்தில், மெதவாச்சி, பதவியா பக்கம் விவசாயிகளுக்கு இந்த நோய் வருவது கவனத்துக்கு வந்தது. சர்க்கரை நோயோ ரத்த அழுத்தமோ இல்லாதவர்களுக்கு வந்தது. வவுனியாவிலும் சில பகுதிகளில் உண்டு. உலக சுகாதார அமைப்பும் இலங்கை அரசும் 2009 முதல் சேர்ந்து ஆராய்ந்தன. கடின நீர், ஃபுளோரைடு, காட்மியம், பூச்சிமருந்து, வெயிலில் உடம்பு நீர் வற்றுவது என்று பல சந்தேகங்கள். கிளைபோசேட் என்ற களைக்கொல்லியை அரசு 2015இல் தடை செய்து, 2018இல் ஓரளவு தளர்த்தியது.

சிறுநீரகம் கெட இருபது வருஷம் ஆகலாம். நோய் தெரிந்த பிறகு எடுக்கும் ரத்தம், அந்த இருபது வருஷத்துக்கு முன்னால் என்ன நடந்தது என்று சொல்லாது. 1980களில் அந்த ஊர்களில் எடுத்த நூறு குப்பிச் சிறுநீர் எங்காவது உறைந்திருந்தால் எத்தனையோ வாதங்கள் தீர்ந்திருக்கும். ஆந்திராவின் உத்தானம், எல் சால்வடோர், நிகராகுவா கரும்புத் தோட்டங்கள் என்று இதே மாதிரி நோய் வேறு இடங்களிலும் இருக்கிறது. இப்போது பல நாடுகளிலும் ஒரே முறையில் சிறுநீரகச் செயல்பாட்டை அளக்கும் முயற்சி நடக்கிறது.

நம் மாதிரி வெளிநாட்டுக்குப் போனால் உரிமை யாருக்கு?

நியாயமான பயம். ரத்தம் இங்கே, கட்டுரையும் காப்புரிமையும் அங்கே என்று நடந்த காலம் உண்டு. வெளிநாட்டுக் கூட்டுடன் நடக்கும் நலவாழ்வு ஆய்வுகளை இந்தியாவில் மத்திய சுகாதார அமைச்சகத்தின் குழு ஒன்று பரிசீலிக்கிறது. ஆனால் அனுமதிக் கடிதத்தோடு நின்றுவிடக் கூடாது. ஒவ்வொரு மாதிரியிலும் ஒரு பங்கு இங்கேயே இருக்க வேண்டும். மூலத் தரவு இரண்டு பக்கமும் இருக்க வேண்டும். நம் டெக்னீஷியன் அங்கே போய்ப் பழகி வர வேண்டும். இந்த மூன்றும் எழுத்தில் இல்லாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

என் ரத்த முடிவு ஊருக்குத் தெரிந்துவிடாதா?

பெயரை எடுத்துவிட்டு எண் கொடுத்துச் சேமிப்பார்கள். சின்ன ஊரில் அது மட்டும் போதாது. ‘52 வயது, சாயப்பட்டறைத் தொழிலாளி, இன்ன கிராமம்’ என்றால் டீக்கடையில் உட்கார்ந்திருப்பவரே ஆளைச் சொல்லிவிடுவார். அதனால் வெளியிடும்போது கிராமத்தை வட்டாரமாக, வயதைப் பத்தாண்டுப் பிரிவாக மாற்ற வேண்டும்.

மாதிரி கொடுத்தவருக்கு முடிவைச் சொல்ல வேண்டுமா?

அவர் விரும்பினால் கட்டாயம். எண்ணை மட்டும் கொடுத்தால் பீதிதான் மிஞ்சும். ரத்தத்தில் ஈயம் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால், அது எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார அமைப்பு. முடிவைச் சொல்பவர் அந்தத் தேடலில் கூட வருபவராக இருக்க வேண்டும்.

பணம் குறைந்த நாடு எங்கே தொடங்கலாம்?

முடியிலிருந்து. பாதரசம் அளக்க முடி போதும். கத்தரித்து, காகித உறையில் போட்டு, சாதாரண அறையிலேயே வைக்கலாம். அடுத்தது காகிதத்தில் காயவைத்த ரத்தச் சொட்டு. அதற்கும் பெரிய ஃப்ரீசர் வேண்டாம். பெரிய கட்டடத்தை முதலில் கட்டிவிட்டு ஆள் தேடுவதைவிட, பத்து வருஷம் அதே நாற்காலியில் இருக்கப்போகும் இரண்டு பேருக்கு நிரந்தர வேலை கொடுப்பது மேல்.

சாதாரண ஆளாக நான் என்ன செய்யலாம்?

உங்கள் வீட்டுக் கிணறு அல்லது போர் தண்ணீரைச் சோதித்த ரிப்போர்ட் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். தண்ணீர் எடுத்த தேதி, கிணறு இருக்கும் இடம், ஆழம், அது மழைக்காலமா கோடையா என்று பின்பக்கம் எழுதி வையுங்கள். லேப்பில் கொடுக்கும்போதே, கருவியின் கீழ் எல்லையையும் ரிப்போர்ட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். கேட்டால் தருவார்கள்.